மடிப்பு மேடம் கட்டிய காகிதத் தெரு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு மடிப்பு மேடம் என்று பெயர். வைத்தவர்கள் அச்சுப் பகுதிக்காரர்கள். சோப்பு, மாத்திரை, பல்பு, எதற்கு என்றாலும் அதன் பெட்டியை விரித்துப் போட்டால் எப்படி இருக்குமோ அந்த வடிவத்தை வரைந்து கொடுப்பது அவள் வேலை. எங்கே வெட்டு, எங்கே மடிப்பு, எங்கே பசை. இருபத்திரண்டு வருடங்கள் இதிலேயே போய்விட்டன. கடையில் ஒரு பெட்டியைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள். அவள் கவிழ்த்து, அடிமூடி எப்படிச் செருகியிருக்கிறது என்று பார்ப்பாள். அவளோடு கடைக்குப் போக வீட்டில் யாரும் முன்வருவதில்லை.

காகிதக் கட்டடங்கள் செய்ய ஆரம்பித்தது எரிச்சலில்தான். கணவரின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் மூன்று பேரோடு வந்து இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்வார். கட்டைவிரல் உயரத்தில் சிப்பாய் பொம்மைகள். பகடை உருட்டி, நாடாவால் தூரம் அளந்து, பொம்மைகளை நகர்த்தி ஒருவர் படையை ஒருவர் அடிக்கும் விளையாட்டு. சுவருக்குப் பின்னால் நின்றால் அடி குறைவு, கூரைமேல் ஏறினால் பார்வை அதிகம் என்று அதற்குச் சட்டங்கள் உண்டு. ஆகவே மேசையில் வீடுகள் வேண்டும். வீடுகளுக்குப் பதில் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் காபித் தம்ளர்களை எடுக்க வந்தவள் மேசையைப் பார்த்து நின்றாள். நடுவில் ஓர் இருமல் மருந்துப் பெட்டி நின்றது. அவள் வரைந்த பெட்டி.

"இது என்ன, தம்பி?"

"கோட்டை, அண்ணி."

"கோட்டை மேல 'குலுக்கிவிட்டுக் குடிக்கவும்'னு எழுதியிருக்கு."

"எதிரிக்கு எச்சரிக்கைன்னு வெச்சுக்கங்க."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, ஓடு வேய்ந்த சின்ன வீடு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கூரையைத் தனியாகக் கழற்றலாம். உள்ளே பொம்மையை நிறுத்தலாம். பொம்மையின் வட்டப் பீடம் இடிக்காமல் நுழையும் அகலத்தில் கதவு. கொழுந்தனார் கூரையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அன்றைக்கு விளையாட்டு நடக்கவில்லை.

அதன் பிறகு ஏழு வருடங்களில் அறுபத்துமூன்று கட்டடங்கள். தாள்களாகத்தான் அவை வெளியே போகும். வேண்டியவர்கள் தங்கள் கணினியில் இறக்கி, கெட்டித் தாளில் அச்சடித்து, வெட்டி, மடித்து ஒட்டிக்கொள்வார்கள். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் வண்ணம் எதுவுமில்லாத வெள்ளைத் தாளில் செய்து பார்ப்பாள். அழகாக இருந்தால் கண் ஏமாந்துவிடும் என்பாள். மை தீர்ந்த பேனாக்களைத் தொழிற்சாலை முழுக்க அவளுக்கென்று சேர்த்து வைத்தார்கள். மடிப்புக் கோட்டின் மேல் அந்தப் பேனாவால் அழுத்தி இழுத்தால்தான் தாள் சொன்ன பேச்சைக் கேட்கும். காகிதத்துக்கு ஓட்டம் உண்டு, அதன் இழைகள் ஓடும் திசை. ஓட்டத்தோடு மடித்தால் மடியும், எதிர்த்து மடித்தால் விரிசல் விடும். எந்தச் சுவரும் ஓட்டத்துக்கு எதிராக மடியாதபடி கட்டடத்தைத் தாளில் திருப்பித் திருப்பிப் போடுவாள். வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரியக்கூடாது என்று பழுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு விளிம்பையும் தீட்டுவாள். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்காக ஒரு தேவாலயத்தையே முழுதும் திரும்ப வரைந்திருக்கிறாள்.

கடைசிப் பரீட்சை கணவருடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டைவிரல் ஒவ்வொன்றும் கதவுக் குமிழ் மாதிரி இருக்கும். அவர் உட்கார்ந்து செய்து முடித்தால்தான் அந்தக் கட்டடம் வீட்டைவிட்டு வெளியே போகும்.

"என் கையால ஒட்ட முடிஞ்சா யானை தும்பிக்கையாலயும் ஒட்டலாம்" என்பார் அவர்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

விளையாட்டுக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. நூலகத்தின் மாடியில் கூடுவார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதியவர்களைக் கூப்பிட்டு விளையாட்டைக் காட்டுவார்கள். அந்த வருடம் கொழுந்தனார் ஒற்றைக் காலில் நின்று ஒரு காரியம் சாதித்தார். வருகிறவர்களே காலையில் ஆளுக்கொரு கட்டடத்தைச் செய்யட்டும். மதியம் அந்தத் தெருவிலேயே விளையாடட்டும். பாலத் தெரு என்று பன்னிரண்டு கட்டடங்கள் கொண்ட வரிசை ஒன்றை மடிப்பு மேடம் இதற்கென்றே வரைந்து வைத்திருந்தாள். ஒரே கட்டடத்தை நாலைந்து பேர் செய்தால் தெரு நீளும், அவ்வளவுதான். ஒரு வருட உழைப்பு. பல் டாக்டருக்குத் தயார் நிலையில் வரும் பிளாஸ்டிக் வீடுகள்தான் பிடிக்கும். "இந்த ஒரு தடவ பாப்போம். புதுசா வர்றவங்க பாதியில விட்டுட்டு எழுந்து போனாங்கன்னா, அதோட காகிதத்த மறந்துடுவோம்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்பவர். சங்கத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. 'உங்கள் காவல் கோபுரத்தைச் செய்ய முடியாது. நான்கு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.' அவ்வளவுதான்.

மூன்று வருடப் பழைய கோபுரம் அது. நூறு பேராவது செய்திருப்பார்கள். குழுவில் ஆளுக்காள் தங்கள் கோபுரத்தின் படத்தைப் போட்டு லேப்காரரை ஒரு வழி செய்துவிட்டார்கள்.

"அவருக்குக் கை வரல, அண்ணி. விடுங்க" என்றார் கொழுந்தனார்.

"நானே செஞ்சிருக்கேன். அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் கணவர்.

மடிப்பு மேடத்துக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவன் நான்கு முறை உட்கார்ந்திருக்கிறான். சும்மா குறை சொல்கிறவன் ஒரு முறைகூட முழுதாக உட்கார மாட்டான். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். நாளை சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வரலாமா?

லேப்காரர் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அவர் மனைவி, "கோபுரத்துக்காரங்க வந்துட்டாங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். மேசையில் துண்டு விரித்து, கத்தி, இரும்பு அளவுகோல், பசை, இடுக்கி எல்லாம் ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தன. ஓரத்தில் நான்கு கோபுரங்கள். நான்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தன. அவள் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். கை வராதவன் கெடுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும்.

"மேடம், குத்தம் கண்டுபிடிக்கணும்னு நான் எழுதல."

"தாராளமா கண்டுபிடிங்க. இப்ப இன்னொண்ணு செய்யுங்க. நான் பாக்கறேன். வாயத் தொறக்க மாட்டேன்."

"தப்பா செஞ்சாலுமா?"

"தப்பா செய்யறதப் பாக்கத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

அவர் செய்ய ஆரம்பித்தார். மெதுவான, சுத்தமான கை. வெட்டு ஒவ்வொன்றும் கோட்டின் மேலேயே ஓடியது. ஒரு படி முடிந்ததும் செய்முறைத் தாளில் பென்சிலால் ஒரு டிக். பிறகுதான் அடுத்த படியைப் படித்தார். மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறியது.

ஐந்தாவது படி: நான்கு சுவர்களையும் மடித்து, ஓரத்து ஒட்டுப்பட்டியில் பசை தடவி மூடவும். மூடினார். டிக். ஆறாவது படி: நடுத்தளத்தை உள்ளே பொருத்தி, அதன் நான்கு பட்டிகளையும் சுவரோடு ஒட்டவும்.

கோபுரம் இரண்டு விரல் அகலம், ஒரு சாண் உயரம். மூடிய பிறகு அது ஒரு குழாய். தளத்தை இடுக்கியில் பிடித்து அடியிலிருந்து விட்டார். ஒரு பட்டி மடங்கியது. சுண்டுவிரலை விட்டார். விரல் போனதும் உள்ளே இருட்டு. அழுத்த இடமில்லை. பசை சுவரெல்லாம் இழுவிக்கொண்டது. தளம் கவிழப்போகும் படகு மாதிரி சாய்ந்து நின்றது. ஐந்தாவது கோபுரமும் மற்ற நான்கோடு போய்ச் சேர்ந்தது.

மேசைக்கடியில் தன் கைகள் தாமாக அசைந்துகொண்டிருப்பதை மடிப்பு மேடம் அப்போதுதான் கவனித்தாள். அந்தக் கைகள் வேறு வரிசையில் போய்க்கொண்டிருந்தன. சுவர்கள் விரிந்து கிடக்கும்போதே தளத்தை ஒரு சுவரில் ஒட்டுவது. பிறகு மற்ற மூன்றையும் அதைச் சுற்றி மடித்து மூடுவது. அவள் எப்போதும் அப்படித்தான் செய்தாள். கணவரும் அப்படித்தான். அந்த நூறு பேரும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

"தளத்த ஏன் முதல்லயே ஒட்டல நீங்க?" என்று கேட்டாள்.

"அது ஆறாவது படியாச்சே, மேடம்."

அவள் செய்முறைத் தாளை இழுத்து, ஐந்தையும் ஆறையும் மறுபடி படித்தாள்.

"எங்க லேப்ல வரிசை மாறினா ரிப்போர்ட் மாறிடும்" என்றார் அவர், ஏதோ தன்மேல் தவறு போல.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கணினியில் அவள் முதலில் சுவர்களை வரைவாள், பிறகு தளம், பிறகு கூரை. செய்முறை எழுதும்போது வரைந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். கை செய்தது ஒன்று, எழுதியது ஒன்று. இருபத்திரண்டு வருடத் தொழிலும் இதில் கைகொடுக்கவில்லை. பெட்டிக்கு யாரும் செய்முறை எழுதுவதில்லை. அதை ஒட்டுவது இயந்திரம். இயந்திரம் எதையும் படிக்காது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க செய்முறையப் படிச்சுட்டுத்தானே செய்வீங்க?"

"படத்தப் பாப்பேன்."

"எழுத்து?"

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "முன்னெல்லாம் படிச்சேன். முதல் வீட்டுக்கு."

பாலத் தெருவின் பன்னிரண்டு செய்முறைகளையும் எடுத்துச் சல்லடை போட்டுச் சலித்தாள். எட்டில் அதே கோளாறு. செய்தி கேட்டு வந்த கொழுந்தனார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தாள்கள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

"நாப்பது பேர்ல எத்தன பேர் அப்படி எழுத்தெண்ணிப் படிக்கப்போறாங்க, அண்ணி? நாம நாலு பேர் மேசை மேசையா நின்னு சொல்லிக் குடுத்துடலாம்."

"புதுசா வர்றவங்க எல்லாரும் படிப்பாங்க, தம்பி. வேற என்ன பண்ணுவாங்க? நாம பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா அது என் கட்டடம் இல்ல. நம்ம வாய்."

தொழிற்சாலையில் எட்டு மணிநேரம், வீட்டில் நான்கு மணிநேரம் என்று ஒன்பது நாட்கள் போயின. ஐந்து கட்டடங்களுக்கு வரிசையை மாற்றி எழுதியதே போதுமாக இருந்தது. மற்ற மூன்றை வரிசை மாற்றியும் காப்பாற்ற முடியவில்லை. எந்தப் பக்கம் கடைசியாக மூடினாலும் விரல் போக வழியில்லை. அவற்றைப் பிரித்துப் போட்டு, கடைசி ஒட்டு கூரைக்கு அடியில் வருகிற மாதிரி மறுபடி வரைய ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு சாயங்காலமும் அவள் உரக்கப் படிக்க, கணவர் செய்தார்.

"நான் சொல்றத மட்டும் செய்யுங்க. நீங்களா யோசிக்கக் கூடாது."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அதுதானே நடக்குது."

"பேசவும் கூடாது."

அவர் செய்ததை லேப்காரர் மறுநாள் தன் வீட்டில் செய்தார். அவரைக் கேட்கவே தயங்கினாள். அவரோ ஒரு வார்த்தை சொல்லாமல் ஒப்புக்கொண்டார், ஒரு வார்த்தை விடாமல் குறையும் சொன்னார். 'கிடங்கு, படி 4. சுவரை ஒட்டவும் என்கிறீர்கள். எந்தச் சுவர்? நான்கு இருக்கின்றன.' 'சுங்கச்சாவடி, படி 7. லேசாக அழுத்தவும். எவ்வளவு நேரம்?' முதல் இரண்டு நாள் அவளுக்குச் சுருக்கென்றது. மூன்றாம் நாள் அந்தச் செய்திக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். 'லேசாக அழுத்தவும்' என்று இருந்த இடமெல்லாம் 'பத்து எண்ணும் வரை அழுத்தவும்' என்று ஆனது. 'இப்போது', 'பிறகு', 'கவனமாக' மூன்றும் காணாமல் போயின. கவனமாக என்று எழுதினால் அங்கே வரைந்தவர் கவனமாக இல்லை என்று அர்த்தம், என்றாள் கணவரிடம்.

வியாழக்கிழமை வரை, தண்ணீரில் சக்கரம் சுற்றும் மாவு ஆலை மட்டும் மசியவில்லை. சக்கரத்தை மாட்டினால் சுவர் மூடவில்லை, சுவரை மூடினால் சக்கரம் சுற்றவில்லை. அன்று சாயங்காலம் பல் டாக்டர் போன் செய்தார்.

"பழைய தாளே இருக்கட்டும்மா. ஒரு கட்டடம்தானே? யாராவது பழைய ஆள் கையில குடுத்துடலாம்."

"வேண்டாம் டாக்டர். ஆலைய எடுத்துடறேன். பதினொண்ணு போதும்."

"தெரு நடுவுல ஓட்டை விழுமே."

"காலி மனைன்னு வெச்சுக்கலாம். எல்லாத் தெருவுலயும் ஒண்ணு இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் பிளாஸ்டிக் வீடுகள் இருந்த பெரிய பெட்டியையும் ஞாயிறன்று மாடிக்கு ஏற்றி, சுவரோரம் வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்றார்.

நாற்பது பேர் எதிர்பார்த்த இடத்தில் நாற்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். பத்து மேசைகள். ஒவ்வொருவர் முன்னாலும் தாள்கள், கத்தி, அளவுகோல், பசை, மை தீர்ந்த பேனா. மடிப்பு மேடம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். கொழுந்தனாரையும் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். யாரும் எந்த மேசைக்கும் போகக் கூடாது. சங்கத்துப் பழைய ஆட்களுக்கு அது கண்டிப்பான உத்தரவு.

முதல் ஒரு மணிநேரம் கத்தி ஓடும் சத்தம்தான். பிறகு ஏழாவது மேசையில் ஒரு பெண் நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்தவள் போலிருக்கிறது, சட்டைப்பையில் நர்ஸ் அட்டை தொங்கியது. கையில் கோபுர வீடு. சுவர்கள் விரிந்து கிடந்தன. தளத்தை ஒட்டியிருந்தாள், ஆனால் தலைகீழாக. தாளைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

கொழுந்தனார் ஓர் அடி எடுத்து வைத்தார். மடிப்பு மேடம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்து போயிடுவாங்க, அண்ணி."

"போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர அவள் சட்டையை விடவில்லை. பல் டாக்டரும் அந்த மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் தாளை அருகில் இழுத்து, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். உதடு அசைந்தது. 'அம்புக்குறி உங்களைப் பார்த்து இருக்கட்டும்.' லேப்காரர் கேட்டுச் சேர்த்த வரி அது. தளத்தைப் பசை காயும் முன் உரித்தாள், திருப்பினாள், அம்பு தன்னைப் பார்க்க வைத்தாள். உதடு மறுபடி அசைந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வரை எண்ணினாள். சுவர்களைச் சுற்றி மடித்தாள். கோபுரம் நின்றது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த படிக்குப் போய்விட்டாள்.

மடிப்பு மேடம் சட்டையை விட்டாள். கொழுந்தனாரின் சட்டை அந்த இடத்தில் கசங்கிப் போயிருந்தது.

வேடிக்கை பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பல் டாக்டரும் மூன்றாவது மேசையில் உட்கார்ந்து ஒரு சுங்கச்சாவடியைச் செய்ய ஆரம்பித்தார். அனுபவஸ்தர். தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பத்து நிமிடத்தில் சுவரை மூடிவிட்டு, தளம் போக வழியில்லாமல் இடுக்கியைத் தேடினார்.

பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "நாலாவது படியப் படிக்கலையா, சார்?"

"இல்ல, இது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவங்களுக்கு எழுதல போல சார் இது. புதுத் தாள் எடுத்துக்கங்க, நான் படிக்கறேன். நீங்க செய்யுங்க."

டாக்டர் மூடிய சாவடியை ஓரமாகத் தள்ளினார். பிறகு எழுந்து போய்ப் புதுத் தாள் எடுத்துவந்தார்.

ஒரு மணிக்குள் தெரு நிமிர்ந்துவிட்டது. சில சுவர்கள் கோணல். ஒரு கூரையில் பசைக் கைரேகை. ஒருவர் புகைபோக்கியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டார், அது அங்கேயும் பொருந்தியிருந்தது. பாதியில் எழுந்து போனவர் யாருமில்லை. பகடைகள் வந்தன, பொம்மைகள் வந்தன, காலி மனையில் முதல் சண்டை ஆரம்பித்தது. யாரோ முழங்கையால் இடித்து மணிக்கூண்டு சரிந்தது. மூன்று கைகள் சேர்ந்து அதை நிமிர்த்தி, பட்டிக்குப் பசை தடவி, பத்து எண்ணின. மடிப்பு மேடத்தை யாரும் தேடவில்லை. பாலத் தெரு யார் வரைந்தது என்றும் யாரும் கேட்கவில்லை. ஜன்னலோரம் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"காலைலேர்ந்து நிக்கறீங்களே" என்று ஒரு குரல் கேட்டது. ஏழாவது மேசை நர்ஸ். விரல்நுனிகளில் பசை உரிந்துகொண்டிருந்தது. "நீங்களும் புதுசா?"

தூரத்திலிருந்து கொழுந்தனார் வாயைத் திறந்தார். மடிப்பு மேடம் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"வாங்க, உக்காருங்க. ஒரு கிடங்கு மிச்சம் இருக்கு. பயப்படாதீங்க, நானே செஞ்சுட்டேன். இதுல எழுதியிருக்கறத அப்படியே செஞ்சா வந்துடும்." நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, தாளை அவள் முன்னால் நேராக வைத்தாள். "அவசரமே வேண்டாம். முதல்ல முதல் படிய முழுசா படிச்சுடுங்க."

மடிப்பு மேடம் உட்கார்ந்தாள். முதல் படியை முழுசாகப் படித்தாள். பிறகு கத்தியை எடுத்தாள்.